இடது பக்கத்து இலவம்பஞ்சு

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. குமுளி மலைப்பாதையில், பாதி வழியில், என் மனைவி கலா காரை விட்டு இறங்கிவிட்டாள்.

சண்டை எல்லாம் இல்லை... தலைசுற்றல்! பின்னால் வந்த ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினாள், முன் சீட்டில் ஏறினாள், போய்விட்டாள். குமுளியில் அவள் தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சு. நான் தனியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"இனிமே இந்த வண்டியில ஏறவே மாட்டேன்" என்றாள் வாசலிலேயே.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பழைய ஃபியட்டின் உள்பக்கத்தை மாதக்கணக்கில் புதுப்பித்து, அவளை உட்கார வைத்து ஓட்டிய முதல் நாள் அது!

கூடலூர் திராட்சைத் தோட்டக்காரர் முத்தையா அண்ணனிடம் வாங்கிய வண்டி. கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். முன்னால் ஒரே நீள சீட். உள்ளே எல்லாம் வெயிலில் வெளுத்து, ஒரிஜினல் நிறம் என்னவென்றே தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. தேனியில் சீட் வேலை செய்யும் சேவியருக்கும் அதே வியாதி. கதவில் இருந்த குரோம் பட்டியைக் கழற்றினால்... அடியில் வெயில் படாத ஒரு விரல் அகலம். பளிச்சென்று மெரூன்! இரண்டு பேரும் புதையல் கிடைத்த மாதிரி குதித்தோம்.

அதே நிறத்தில் ரெக்சின் தேடி மதுரைக்குப் போனேன். கூரைத் துணியை மாற்றினோம். கடைசியாக சேவியர் சீட்டைப் பிரித்தார்.

"அண்ணே, இங்கன பாருங்க. டிரைவர் பக்கம் வெறும் தேங்கா நாரு. இடது பக்கம் அதுக்கு மேல இலவம்பஞ்சு! தலகாணிக்கு அடைக்கிற மாதிரி யாரோ அடைச்சிருக்காக."

போடிநாயக்கனூர் பக்கம் கிடைக்காத பஞ்சா? கையில் இருந்ததை எவரோ திணித்திருக்கிறார் என்று நினைத்தேன். "எடுத்துருங்க. ஒரிஜினல் எப்படியோ அப்படியே இருக்கட்டும்" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி.

பால்காய்ச்சு வீட்டில் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. பழைய சீட்டில் இதே மலை ஏறியபோது கலா வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதானே வந்தாள்? அப்புறம் என்ன மாறியது? நிறம், துணி... பஞ்சு! முத்தையா அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அத ஏன் தம்பி எடுத்தீக?" பதறிவிட்டார். "எங்க வீட்ல கொஞ்சம் குட்டை. உக்காந்தா டேஷ்போர்டுதான் தெரியும், ரோடு தெரியாது. வளைவுக்கு வளைவு தல சுத்தும். அதான் நம்ம தோட்டத்துப் பஞ்ச அடைச்சு ஒசத்திவிட்டேன். அப்புறம் குமுளி வரைக்கும் ஜம்முனு வந்துச்சு."

கலா என் தோள் உயரம்கூட இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். சீட்டைப் பிரித்த அன்று மட்டும் ஞாபகம் வரவில்லை.

பழைய காரைப் புதுப்பிக்கிற நாங்கள் எல்லோரும், கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளுக்கே அதைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறோம். அன்றைக்கு அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? ஒருத்தரும் இல்லை!

சேவியர் முனகிக்கொண்டே மறுபடியும் பிரித்தார். மெரூன் ரெக்சினுக்குள் போடிப் பஞ்சு போனது. இடது பக்கம் இப்போது லேசாகப் புடைத்திருக்கிறது. பழைய கார் பிரியர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்... சிரிக்கட்டும்.

கலாவை ஏற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, நேற்று ஒருவழியாகக் கிளம்பினோம். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவு... அடுத்த வளைவு... ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைசுற்றல் இல்லை. பாதி மலையில் வாயைத் திறந்தாள்.

"ஏங்க... நீங்க இவ்வளவு மோசமாவா வண்டி ஓட்டுறீக?"