முன் இடது சக்கரம்

நான் கையால் அளந்ததையும் கண்ணால் கண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். உறவினர் வாயில் இந்நிகழ்ச்சி வளர்ந்துவிட்டது. எதிரே மணல் லாரி வந்தது என்கிறார் ஒருவர்; கண்ணேறு என்கிறார் இன்னொருவர். லாரி ஏதும் வரவில்லை. கண்ணேற்றை அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

அளவுக்கருவிகளைப் பழுதுபார்ப்பது சுரங்கத்தில் என் பணி. ஒரு கருவி ஐயத்துக்குரிய அளவைக் காட்டினால், அது குறிப்பிடும் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒவ்வாவிட்டால் முன்னதைக் கழற்றிவிடுவோம். அந்த வழக்கம் என் காருக்கும் வந்தது. நான்கு டயர்களின் காற்றுவாய்களிலும் மூடிபோல் திருகும் சென்சார்களைப் பொருத்தியிருந்தேன். அவை அனுப்பும் அழுத்தம் ஓட்டுநருக்கு முன்னுள்ள சிறு திரையில் தெரியும்.

அந்த மே மாதத்தில் என் மனைவிக்கு எட்டாம் மாதம். தேய்மானம் சமப்படட்டும் என்று, வடலூர்ப் பட்டறை ஒன்றில் காரின் முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றச் செய்தேன். அருகிலேயே நின்று ஒவ்வொரு நட்டையும் இருமுறை முறுக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, திரை கீச்சிட்டது: முன் இடது, இருபத்தாறு. இருக்கவேண்டியது முப்பத்து மூன்று. வெயில் ஏறுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், முன் இடது சக்கரத்தின் காற்றழுத்தத்தை என் அளவியால் அளந்தேன். முப்பத்து மூன்று. பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பரின் அளவியும் அதையே காட்டியது.

“சைனா டப்பா சார் இது. மாமியா மாதிரி, ஒண்ணும் இல்லாட்டியும் கத்தும்,” என்றார் அவர்.

“எங்க அம்மாவைச் சொல்றாரு, நீங்களும் சிரிக்கிறீங்க!” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

அன்று மாலை அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் அசைவு குறைந்ததுபோல் இருக்கிறது என்றாள். தொலைபேசியில் கேட்டபோது, விடிந்ததும் புதுச்சேரிக்கு வந்துவிடுமாறு மருத்துவர் சொன்னார்.

காலையில் திரை இருபத்துநான்கு என்றது. மீண்டும் அளந்தேன், முப்பத்து மூன்றே. திரை குறைசொல்லாத மற்ற மூன்று சக்கரங்களை நான் அளக்கவில்லை.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டும்வரை அது கீச்சிட்டுக்கொண்டே வந்தது.

“ஏங்க, இந்தச் சத்தத்துல உள்ள அசையுதா இல்லையான்னே எனக்குத் தெரியலை. அதை நிறுத்துங்களேன்.”

திரையின் கம்பியைப் பிடுங்கினேன். அவள் வயிற்றில் கைவைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். தார்ச்சாலையில் அதற்குள் அனல் நெளியத் தொடங்கியிருந்தது. காரின் பின்புறம் சற்றே இழுத்தது. சாலை சரியில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

குள்ளஞ்சாவடிக்குச் சற்று முன் பின் இடது டயர் வெடித்தது. கார் அரைவட்டமாகச் சுழன்று சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. சீட் பெல்ட் அவள் அடிவயிற்றில் இறுகியிருந்தது. தளர்த்தினேன்.

“அசையலைங்க,” என்றாள்.

முந்திரி மூட்டை ஏற்றிவந்த வேன்காரர் ஒருவர் நிறுத்தி, ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். “பொறுத்துக்கம்மா, வந்துகினே இருக்காங்க,” என்று அவளிடம் சொன்னவர், பின்சக்கரத்தருகே குனிந்தார். “காத்து எறங்குனது தெரியலீங்களா? டயரு கந்தலாக் கெடக்கு. இது என்னாங்க, மூடியில எழுத்து போட்டிருக்கு?”

பார்த்தேன். ‘முன் இடது’ என்பதற்கான ஆங்கில எழுத்துகள். வடலூரில் சக்கரத்தோடு அதன் சென்சாரும் பின்னுக்குப் போயிருக்கிறது. நட்டுகளை எண்ணியவன் இதை எண்ணவில்லை. திரை கசிகின்ற சக்கரத்தைத்தான் பழைய இடத்தின் பெயரால் சொல்லிக்கொண்டிருந்தது. நான் நல்ல சக்கரத்தை மூன்று முறை சரிபார்த்திருந்தேன்; கழற்றிய மூடியின் எழுத்தை ஒருமுறையும் படிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் கொண்டுசேர்த்த கடலூர் மருத்துவமனையில், வயிற்றின்மேல் வைத்த கருவியை மருத்துவர் நெடுநேரம் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். எந்த நேரத்தில் நின்றது என்று கேட்டேன். சொல்ல இயலாது என்றார்.

குறிஞ்சிப்பாடிக்குப் பிந்திய அந்த அமைதியில் அசைவை உணர்ந்தாயா என்று என் மனைவியை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. குழந்தையின் இதயம் டயர் வெடிப்பதற்கு முன் நின்றதா, பின் நின்றதா என்பது எனக்குத் தெரியாது.