சோதனை வாசலில் என் அம்மா

கூட்டம் என்றால் நான் சுவரோரமாகத்தான் உட்காருவேன். எழுதச் சொன்னால் எழுதுவேன், ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கத்தான் வராது. எண்பது வயதைத் தாண்டியும் அது போகவில்லை.

கோலா சாவா பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் இப்போது இல்லை. கோயில் மட்டும் நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், அதில் தோட்டத்துக் கதையும் வருகிறது, பழைய ஆட்கள் வந்து கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கோயில் கமிட்டியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். லுக்குட்டிலிருந்து மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்விட்டாள். பழைய ஆட்கள் என்று என்னைத் தவிர யாரும் இல்லை. எல்லாரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். நான் கல்யாணமாகி வெளியே போனவள் என்பதால் என்னை யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார். நின்றுகொண்டு வாசித்தார். ஜப்பான்காரன் வந்தது, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்து பழைய கூலியையே நீட்டியது, சங்கம் வைத்தவர்களைக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுத் துரத்தியது எல்லாவற்றையும் சொல்லி, அதனால்தான் நம் ஆட்களிலும் சிலர் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளோடு, அந்தக் காட்டுக்காரர்களோடு சேர்ந்தார்கள் என்று முடித்தார்.

"அதெல்லாம் சும்மா வாத்தியாரே!" என்று ஒருவர் எழுந்தார். பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய தாத்தா எங்கள் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. காட்டுக்காரர்கள் அவரைப் ரப்பர் பால் மரத்தடியில் வெட்டிப் போட்டார்கள். "வெளிநாட்டான் தூண்டிவிட்டான், இவனுங்க ஆடுனானுங்க. போராட்டம்னு பேரு வச்சா வெட்டுன கழுத்து ஒட்டிக்குமா?"

"ஒங்க தாத்தா மண்டோரா இருந்தப்ப எங்க ஆளுங்களுக்கு கழுத்துன்னு ஒண்ணு இருந்துச்சா?" என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா. என்னைவிட நாலைந்து வயது இளையவர், அந்தக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்திருப்பார். "குனிஞ்சே கெடந்தாங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரரும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. கூலிதான் காரணம் என்றார் வாத்தியார். சீனாக்காரன் தூண்டியது என்றார் பட்டாளத்துக்காரர். விடுதலைக்காக என்றார் அந்த அம்மா. எனக்கு எது சரியென்று சொல்லத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் காரணம் கேட்டதில்லை. பட்டாளத்துக்கும் பயந்தோம், காட்டுக்கும் பயந்தோம். மரத்தில் இலை அசைந்தால் பயந்தோம்.

வாத்தியார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போடப்பட்டது. காட்டுக்கு உணவு போகாமலிருக்க, வேலைக்குப் போகும் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் அமர்த்தப்பட்டாள். ஒருநாள் அவள் சைகை காட்டித் தன் இனத்தவளையே காட்டிக்கொடுத்தாள்."

"எங்க சித்திதான் புடிபட்டது," என்றார் முன்வரிசை அம்மா. "இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திட்டானுங்க. அப்புறம் சேதியே இல்ல. எங்க அம்மா சாகுற வரைக்கும் அந்தப் பொம்பளைக்கு மண்ண வாரித் தூத்துனாங்க."

அந்தப் பொம்பளை என் அம்மா.

புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மலர் அச்சாகி வீடு வீடாகப் போகும். சாமி படத்தோடு சேர்த்து வைப்பார்கள். அதில் என் அம்மா காட்டிக்கொடுத்தவளாகவே இருப்பாள். எழுத்தில் ஏறிவிட்டால் பிறகு யார் இறக்குவது?

அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா ஒருத்திதான் எனக்கு. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கூப்பிட்டு, "பொம்பளைங்களத் தொட்டுப் பாக்க பொம்பளதான் வேணும்" என்றார். முடியாது என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அம்மா அவர்கள் கொண்டையை அமுக்கிப் பார்ப்பாள், இடுப்பைத் தடவுவாள், பால் எடுக்கும் வாளிக்குள் கையை விடுவாள். ஒரு கவளம் சோறுகூட வெளியே போகக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினாலும் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், காட்டுக்குப் போவதற்குள் கெட்டுப்போகட்டும் என்று. நேற்றுவரை ஒன்றாகக் குளித்தவர்களை அம்மா இப்படித் தடவ வேண்டியிருந்தது. எதிரே துப்பாக்கியோடு மாத்தா, போலீஸ்காரன், நிற்பான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஏழு வயது இருக்கும்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்: "சோதன போடுறவள கையப் பாத்துப் போடச் சொல்லு. காட்டுல இருந்து சேதி." அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு படுத்தவளின் உடம்பு நடுங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டுதான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். "எல்லாருக்கும் சரின்னா அச்சுக்குக் குடுத்துடுறேன்," என்றார் வாத்தியார்.

எழுந்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை.

"பாட்டிக்கு டாய்லெட் போவணுமாம், வழி காட்டுங்க," என்றது ஒரு குரல்.

"இல்ல," என்றேன். "அது எங்க அம்மா."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாரும் திரும்பினார்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"புடிபட்ட அந்த அக்கா இடுப்புல அம்மா கை நின்னுச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன். உள்ள அரிசி. அம்மா ஒண்ணும் சொல்லல, 'போ'ன்னு விட்டாங்க. ஆனா எங்க அம்மாவுக்கு மூஞ்சிய மறைக்கத் தெரியாது. ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. எதிர்ல நின்ன மாத்தா அம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தான். ஒடனே அந்த அக்காவ நிறுத்திட்டான். ஒவ்வொருத்தரா அம்மாவத் தாண்டி வந்துதான் நிப்பாங்க, அதனால பின்னால வரிசையில நின்னவங்களுக்கு அம்மாவோட முதுகுதான் தெரிஞ்சிருக்கும். அம்மா கை வச்சாங்க, மாத்தா நிறுத்துனான், அவ்வளவுதான் பாத்தாங்க. காட்டிக் குடுக்கல. பயந்தாங்க."

"ஒங்க அம்மா," என்றார் சித்தியைப் பறிகொடுத்தவர். "நீங்க வேற எப்படிப் பேசுவீங்க? ஏழு வயசுல என்னா தெரியும்?"

அவர் கேட்டது நியாயம்தான். உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியைத் தேடினேன்.

"அது நடக்குற கததான்," என்றார் பட்டாளத்துக்காரர். அவர் எனக்காகப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. "நானும் ரோட்டுல செக்கிங் நின்னவன். சாமானத் தேடாத, மூஞ்சியப் பாருன்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. பயந்தவன்தான் மாட்டுவான். குத்தம் செஞ்சானா இல்லையாங்குறது அப்புறம்."

"ஒங்கள யாரு கேட்டா?" என்று அந்த அம்மா சீறினார்.

பிறகு அவர் எழுந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"சித்தி எப்படி இருப்பாங்க? எங்ககிட்ட ஒரு படங்கூட இல்லக்கா."

"நல்ல ஒசரம். கருப்பு. பல்லு மட்டும் அரிசி மாதிரி வரிசையா இருக்கும். அன்னிக்குப் பச்சச் சேல."

"ஒங்க அம்மாவத் திட்டுனாங்களா?"

இல்லை, மன்னித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அரிசி தரையில் கொட்டியதும் அந்த அக்கா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான் நான் கண்டது.

"பாத்தாங்கம்மா. கோவமா, வேற என்னான்னு எனக்குத் தெரியல. எங்க அம்மா அழுதுகிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு யாரும் நெருப்பு வாங்கக்கூட வரல."

அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, எங்க அம்மா சொன்னத எடுக்கக் கூடாது," என்றார். "அது அவங்க வயித்தெரிச்சல். ஆனா இவங்க சொன்னதையும் கீழேயே எழுதுங்க. ரெண்டையும் படிக்கட்டும்."

"எழுதலாம்," என்றார் வாத்தியார். "மகள் சொல்லுறதுன்னு போட்டா, அம்மா பேரும் வேணுமே. வெறும் 'ஒரு பெண்'ணுன்னா யாருன்னு தெரியாம போயிடும்."

மறுபடியும் பயம் வந்தது. அந்தக் காலத்தில் யாராவது பேனாவை எடுத்துப் பெயர் கேட்டால், பின்னாலேயே லாரி வரும். ஏறியவர்கள் திரும்பியதில்லை. எந்த வெள்ளைக்காரனும் இன்று இல்லை, எந்த லாரியும் வராது, எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னேன். குரல் எழவில்லை போலிருக்கிறது. "கேக்கலம்மா," என்றார் வாத்தியார்.

இன்னொரு தரம், உரக்கச் சொன்னேன்.