மூன்று மழைக்கும் போகாத கறுப்பு

திருவனந்தபுரத்தில் சுவரெழுத்து என்றால் லிங்கம்தான். பிறர் சொல்லும் முன்பே அவர் சொல்லிவிடுவார். மூன்றாம் வகுப்போடு வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர். மலையாள எழுத்தை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கை தானே படித்துக்கொண்டது. பி.ஏ. படித்தவன் எழுதினாலும் அந்த வளைவு வராது. கிழக்கேகோட்டையிலிருந்து கரமனை வரை எந்தக் கட்சி ஜெயித்தாலும் சுவரில் இருப்பது லிங்கத்தின் கை.

அந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு கட்சி சுவருக்கு வெள்ளையடித்து, 'புக்டு' என்று எழுதி வருஷத்தையும் போட்டுவிட்டால், அந்த வருஷம் முடியும்வரை வேறு எவன் தூரிகையும் அதில் படக்கூடாது. லிங்கம் எல்லாக் கொடிக்கும் எழுதினார். ஒருவன் சுவரையும் அழித்ததில்லை. அதனால்தான் எல்லாக் கொடியும் அவரை நம்பியது.

எல்லாக் கொடிக்கும் பொதுவாக ஒரு வசவும் இருந்தது. எதிரில் நிற்கிறவன் பாசிஸ்ட், மேலே உட்கார்ந்திருக்கிறவன் ஹிட்லர். பஸ் கட்டணத்தைக் கூட்டிய மந்திரி ஹிட்லர். கல்லூரியைப் பூட்டிய பிரின்சிபாலும் ஹிட்லர். பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றில், நெற்றியில் சரியும் முடியையும் மூக்குக்குக் கீழே சின்ன மீசையையும் லிங்கம் வெட்டி வைத்திருந்தார். யார் முகத்தில் வைத்துக் கறுப்பு ஒற்றினாலும் ஹிட்லர் வந்துவிடுவான். அவன் யாரோ கண்டிப்பான ஆள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்தில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. ஆரியசாலைப் பக்கத்து வார்டில் மாடம்மாள் நின்றாள். கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த துப்புரவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. காலை ஐந்தரைக்கு வராதவளை அன்றைக்கு வேலைக்குச் சேர்க்கமாட்டாள். எதிர்க் கட்சியின் பிரஜின் அவளுடைய போட்டோவோடு லிங்கத்தின் கொட்டகைக்கு வந்தான்.

"லிங்கண்ணே, லேடி ஹிட்லர்! பதினாலு சுவர். கலக்கணும், கேட்டோ."

"பொம்பளைக்கு மீசையா டே?"

"அதல்லே தமாசு!"

லிங்கம் சிரித்துவிட்டார். மாடம்மாள் வள்ளியூருக்குப் பக்கத்துப் பணகுடிக்காரி, தெரிந்தவள்தான். ஆனால் பழக்கம் வேறு, தொழில் வேறு. "நம்ம கறுப்பு மத்தவன் கறுப்பு மாதிரி இல்லடே. தாரு கலந்தது. மூணு மழைக்காலம் அடிச்சாலும் போவாது."

எழுதி முடித்த மூன்றாம் நாள் காலையில், லிங்கம் டீக்கடையில் நின்றபோது மாடம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"அண்ணாச்சி, என் மூஞ்சிய நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. மீசை ஆருக்க மீசை?"

"ஹிட்லரு. கண்டிப்பான ஆளுன்னு சொல்லுவாவ. பட்டாளக்காரன்."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பஞ்சாபகேசன் தலையைத் தூக்கினார். தலைமைச் செயலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கண்டிப்பா? நன்னாருக்கு! ஜெர்மனியை ஆண்டவன்யா அவன். யூதாளாப் பொறந்த ஒரே குத்தத்துக்காக அறுபது லட்சம் பேரைக் கொன்னான். குளிக்கற எடம்னு சொல்லி உள்ளே அடைச்சுக் கதவைச் சாத்திட்டு, விஷ வாயுவை விட்டான். கொழந்தைகளைக்கூட விடலை."

மாடம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி வாயு தாக்கிச் செத்திருந்தான். உடலை வெளியே எடுத்தபோது கூட்டத்தில் லிங்கமும் நின்றார்.

"உள்ள இறங்கினவரு 'மாடம்'னு ஒருவாட்டி கூப்பிட்டாரு. பொறவு சத்தமில்ல," என்றாள் மாடம்மாள். "நான் வாய்க்காரிதான். பிசாசுன்னு எழுதுங்க, பேயின்னு எழுதுங்க. வாயு விட்டுக் கொன்னவன் மீசைய என் மூஞ்சில வைக்கலாமா அண்ணாச்சி?"

"நாலு நாள்ல ஓட்டு முடிஞ்சிரும், மாடம்மா..."

"ஓட்டு கெடக்கட்டும். எம் மக சுஜா அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறா. மூணு நாளா அவ எங்கூடப் பேசல. படிக்கிற பிள்ளை, அவன் ஆருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

லிங்கம் டீயைக் குடிக்காமலே பிரஜினைத் தேடிப் போய், அந்தச் சுவர்களை அழித்துவிடுகிறேன் என்றார்.

"புக் செய்த சுவராக்கும், அண்ணே. தொட்டா பின்னே ஒரு பார்ட்டியும் உங்கள விளிக்காது. இது எல்லாரும் சொல்றதுதானே? போன தடவ எங்க தலைவருக்கும் அவங்க இதே மீசைதான் வச்சாங்க. வச்சது ஆரு? நீங்களல்லே?"

லிங்கம் நேரே சுண்ணாம்புக் கடைக்கு நடந்தார்.

அன்று நடுப்பகலில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பதினான்கு சுவரிலும் அவரே சுண்ணாம்பு அடித்தார். சாயங்காலம் மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தார். முகம் போயிருந்தது, எழுத்தும் போயிருந்தது. மீசையும் நெற்றி முடியும் மட்டும் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தன. தார் அல்லவா! இன்னும் இரண்டு பூச்சு அடித்தார். அதற்கும் அது அடங்கவில்லை. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே உறுதியான வேலை அதுதான்.

கொட்டகைக்குத் திரும்பி எக்ஸ்ரே பிலிமை எடுத்தார். வெளிச்சத்தில் யாரோ ஒருவரின் விலா எலும்புகள் தெரிந்தன. இத்தனை வருஷம் அதை அவர் கவனித்ததில்லை. கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காரை பெயரப் பெயரக் கொத்தினார். ஒவ்வொரு சுவரிலும் மீசை இருந்த இடத்தில் உள்ளங்கையகலத்தில் ஒரு குழி, அதற்கு மேல் நெற்றி முடிக்கு ஒரு கீறல். ஒன்பதாவது சுவருக்கு வந்தபோது மறுநாள் விடிந்துகொண்டிருந்தது. மாடம்மாள் பெண்களோடு தெரு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் காலடியில் விழுந்த காரையைக் கூட்டி அள்ளிக்கொண்டாள். மிச்சமிருந்த ஐந்து சுவருக்கும் அவர் நகர நகர அவளும் நகர்ந்தாள்.

தேர்தலில் மாடம்மாள் தோற்றாள். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் லிங்கத்தைக் கூப்பிடவில்லை. கடைப் பலகை எழுதியே காலம் தள்ளினார். திருவனந்தபுரத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தன் கறுப்பைப் பற்றி மட்டும் பிறகு பேசியதில்லை.