கீழ்ப்பிரிவின் ஏழு மணி

ஷெரோமியை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கோபக்காரி என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹட்டனில் எங்கள் இணையக் கம்பனிக்கு வந்து சேர்ந்த முதல் நாளே, மேசையில் கிடந்த என் தொப்பியைத் தூக்கிக் கதிரையில் போட்டுவிட்டு, “முத்தண்ணே, இது வேல செய்ற எடம்” என்றாள். கேபிள் டீவி காலத்திலிருந்து கம்பம் ஏறுகிறவன் நான். நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்வதா என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அதற்கு மேல் முடியவில்லை. எங்களுடையது சின்னக் கம்பனி. மெனேஜர் றோலண்ட் சேர், பின்னறையில் ஷெரோமி, முன்னால் இரண்டு பேர், வெளியே அலைகிற நாங்கள் மூன்று பேர். வேன் ஓட்டுவதும் ஏணி பிடிப்பதும் புது இணைப்புகளுக்குப் படிவம் எழுதுவதும் நான்தான். இப்படி ஒரு இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை நாளைக்கு இருப்பது?

அவளுடைய வேலை என்னவென்று என் மனைவிக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினேன். கொழும்பிலிருந்து எங்களுக்கு ஒரு பெரிய குழாய் வருகிறது என்று வைத்துக்கொள். பின்னறையில் இருக்கிற கறுப்புப் பெட்டியில் அது ஆயிரத்துச் சொச்சம் சின்னக் குழாய்களாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம், எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் எதை முன்னால் விட வேண்டும், எதைக் காக்கவைக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிக்கு எழுதிக் கொடுப்பது ஷெரோமி. மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம வீட்டு நாடகத்த நடுவுல நிப்பாட்டுறது அந்தப் புள்ளதானா?” என்றாள். ஒரு வகையில் அவள் சொன்னதும் சரிதான்.

போன ஜூலையில் ஷெரோமி ஒரு புது விதி எழுதினாள். டவுனில் சில விடுதிக்காரர்கள் ஒரே கட்டடத்துக்கு நான்கைந்து லைன் எடுத்துவைத்துக்கொண்டு, பின்னேரம் ஆறு மணியானால் எல்லாவற்றையும் உறிஞ்சினார்கள். பக்கத்து வீடுகளில் ஒன்றும் அசையவில்லை. தொலைபேசியில் எங்களுக்கு விழுந்த ஏச்சுக்குக் குறைவில்லை. அதனால் ஆறிலிருந்து பத்து மணி வரை ஒரு முகவரிக்கு ஒரு பங்கு என்று வைத்தாள். ஒரே முகவரியில் எத்தனை லைன் இருந்தாலும் அந்த ஒரு பங்கைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். யார் யாருக்கு என்ன முகவரி என்பதை எங்கள் பதிவிலிருந்து பெட்டி தானாகவே எடுத்துக்கொள்ளும்.

விதி நன்றாகவே வேலை செய்தது. ஏச்சு பாதியாகக் குறைந்தது. றோலண்ட் சேர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டி, ஜனவரியில் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவள் வடை வாங்கித் தந்தாள். கோபக்காரி என்று நான் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

விதி வந்து இரண்டாவது வாரம், வட்டவளைக்குக் கீழே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு வயர் இழுத்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின இரண்டு லயம், இருபத்து நாலு வீடு. கம்பத்தில் அவர்களுக்கென்று ஒரு சின்னப் பெட்டியும் பூட்டினோம். இருபத்து நாலு படிவத்தையும் மழைக்குக் கட்டின இறப்பர் விரிப்புக்குக் கீழே குந்தியிருந்து எழுதினவன் நான்.

டிசம்பர் பிறந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசனுக்காக அடிவாரத்து நல்லதண்ணியில் விடுதிக்காரர்கள் லைன் கேட்டு றோலண்ட் சேரை நெருக்கினார்கள். கம்பத்தில் பூட்டுகிற புதுப்பெட்டி கொழும்பிலிருந்து வர இரண்டு மாதமாகும் என்றார்கள். சேர் ஷெரோமியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“கீழ்ப்பிரிவப் பாருங்க. இருபத்து நாலு வீடு, ஒரு வீட்டுக்காரன் பாவிக்கிற அளவுதான் போகுது. ஏழு மணிக்கு அதுவுமில்ல, எல்லாரும் ஓஃப். அவங்களுக்கு இது தேவப்படல்ல. அந்தப் பெட்டியக் கழட்டி நல்லதண்ணிக்குக் கொண்டு போங்க. சீசன் முடியத் திருப்பிப் போடுவோம்.”

சீசனுக்கென்று கழற்றியது எதுவும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. ஷெரோமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணியிலிருந்து அந்தக் கோடு மேலே ஏறி, ஒரு மட்டத்தில் கத்தியால் வெட்டினது போல நேராக ஓடியது. ஏழு மணிக்குத் தடாலென்று விழுந்தது. ஏழரைக்குத் திரும்பவும் ஏறியது. ஒரு நாள் இரண்டு நாளல்ல, தினமும் இதே கதை. ஏழு மணிக்கு ஒரே ஒரு வீடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தேவையில்லாதவங்க இவ்வளவு ஒழுங்கா ஓஃப் பண்ண மாட்டாங்க சேர்,” என்றாள். “கழட்ட முன்ன நான் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாறேன்.”

அன்று பின்னேரமே இறங்கினோம். மூடுபனியில் தேயிலைக்கு நடுவே வேனை உருட்டிக்கொண்டு போய்ச் சேர ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. முதல் காம்பரா வீட்டில் இருந்த வீரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவிய ஈரம் காயவில்லை. பிளேன்டீ கைக்கு வந்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலுக்குப் போய், இரண்டு லயத்துக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

“ஏழாச்சு! எல்லாரும் பெட்டிய ஓஃப் பண்ணுங்க!”

உள்ளே வந்து தன் வீட்டு றவுட்டரின் சுவிட்சையும் தட்டினார். அடுத்த வீடுகளில் பிள்ளைகள் முணுமுணுப்பது கேட்டது. ஷெரோமி எழுந்தே விட்டாள்.

“ஏன் அம்மா ஓஃப் பண்றீங்க?”

“நம்ம சர்மிளா பேசணும்ங்க. நாலாவது காம்பரா. அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. புருசன் திலக்‌ஷன் கட்டார்ல. அவருக்கு வேலைக்கு நடுவுல இந்த அரை மணி நேரந்தான் லீவு. நாம படம் வரல்லன்னா வாயால பேசிக்கலாம். அவ கையாலதானே பேசணும்? படம் நின்டா அவ பேச்சும் நின்டுரும். எல்லாரும் பாவிச்சா இங்க லைன் இழுக்காதுங்க. அதான் பீலியில தண்ணி புடிக்க மொற வைக்கிற மாதிரி ஒரு மொற வச்சிருக்கோம்.”

நாலாவது வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலிலிருந்தே பார்த்தோம். ஒரு இளம்பெண் போனை அரிசி டின்னில் சாத்தி வைத்துவிட்டுக் கைகளால் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இடைக்கிடை மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் கழற்றவிருந்தது இதைத்தான்.

ஷெரோமி வரிசையாக இருந்த கதவுகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, லைன் எடுக்கக்குள்ள அட்ரஸ் என்னா குடுத்தீங்க?”

“தோட்டத்து அட்ரஸ்தாங்க. இருபத்து நாலு வீட்டுக்கும் அதானே. வேற அட்ரஸ் நமக்கு எங்க இருக்கு?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது. ஊர் முழுவதுக்கும் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாற்கந்தோர், அவ்வளவுதான். இருபத்து நாலு தரம் அதையே எழுதும்போது கை வலிக்கிறதென்று நான் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. பெட்டிக்கு இவர்கள் இருபத்து நாலு குடும்பமில்லை, ஒரே வீடு. டவுன் விடுதிக்காரனுக்குக் கட்டின வேலியில் இந்த மனிதர்கள் அஞ்சு மாதமாக அகப்பட்டுக் கிடந்தார்கள்.

“ஒரு கோல் எடுத்து எங்களுக்கு ஏசியிருக்கலாமே அம்மா,” என்றேன்.

“ஏசுறதா? தோட்டத்துக்கு இவ்வளவுதான் குடுப்பாங்கன்னு நெனச்சோம்,” என்றார் வீரம்மா.

அதைக் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது, வட்டவளை ஸ்டேஷன் கடந்ததும் ஷெரோமி தன் கதையைச் சொன்னாள். அவளும் லயத்துப் பிள்ளைதான். டெக்னிக்கல் கொலேஜுக்கு விண்ணப்பித்தபோது நேர்முகக் கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, பதினோரு நாள் ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. கைக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து நாலு நாள். ஒரு வருஷம் வீணானது.

“அன்னைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமாண்ணே? ஒரு தனி அட்ரஸ் இருந்திருந்தா இப்படி ஆகுமான்னு அம்மாகிட்டக் கத்தினேன். அந்த நானே இப்படி எழுதியிருக்கேன். டவுனுக்கு வந்து மூணு வருசத்துல எனக்கு மறந்து போச்சு.”

“படிவம் எழுதின எனக்கும் தோணல்லியே,” என்றேன். அது ஆறுதலாகவில்லை என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் ஷெரோமி எங்கள் எல்லாருக்கும் முந்தியே வேலைக்கு வந்து விதியை மாற்றினாள். முகவரியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டு றவுட்டரின் இலக்கத்துக்கும் தனித்தனி வரம்பு வைத்தாள். விடுதிக்காரர்களின் பெயர்களை மட்டும் எடுத்து, பழைய விதியை அவர்களுக்குத் தனியாக எழுதினாள். பதிவைத் தோண்டிப் பார்த்ததில் இன்னும் மூன்று தோட்டத்து லயங்கள் இதே மாதிரி மாட்டியிருந்தன. அவற்றையும் விடுவித்தாள். இதை யாருக்கும் சொல்லாமல் செய்து முடித்திருக்கலாம். கோடு தானாக ஏறியிருக்கும், சேருக்கும் ஒன்றும் தெரிந்திராது. நானென்றால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவள் நேரே றோலண்ட் சேரின் அறைக்குப் போனாள். “சேர், கீழ்ப்பிரிவு பாவிக்காம இல்ல. நான்தான் கழுத்த நெரிச்சு வச்சிருந்தேன்,” என்று சொன்னது வெளியே எங்களுக்குக் கேட்டது. ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அந்த வாரத்தில் கீழ்ப்பிரிவின் கோடு ஏறின ஏற்றத்தைப் பார்த்து, பெட்டியைக் கழற்றும் பேச்சை சேர் விட்டுவிட்டார். ஆனால் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுக்கு வந்தது. நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போனது. கடிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “ஞாயித்துக்கெழம வேன் எடுக்கலாமாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்து வாசலில் ஆட்கள் கூடினார்கள். ஷெரோமி நடுவில் நின்று, குழாய்க் கதையெல்லாம் சொல்லாமல், தன் பிழையால்தான் இவ்வளவு நாளும் லைன் இழுக்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். யாருக்கும் கோபம் வரவில்லை. “அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க!” என்று சிரித்தார்கள். ஒருத்தர் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

சர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. வீரம்மா கைச்சாடையில் விளங்கப்படுத்தியதும் முன்னால் வந்தாள். அவள் கைகள் ஷெரோமியின் முகத்துக்கு நேரே பறந்தன. முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. அவள் நிறுத்தியதும் வீரம்மா, “பரவாயில்லன்னு சொல்றா” என்றார்.

“அவ்வளவு நேரம் சொன்னது இதுதானா?” என்றாள் ஷெரோமி. “முழுசாச் சொல்லுங்கம்மா. எனக்குக் கேக்கணும்.”

வீரம்மா சர்மிளாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

“எல்லாரும் அவளுக்காக ஓஃப் பண்ணிட்டு இருக்காங்க, புள்ளைங்க படிக்காம இருக்காங்கன்னு தெனமும் அவளுக்குக் கூச்சமாம். அதனால புருசன்கிட்ட சீக்கிரம், சீக்கிரம்னு அவசரப்படுத்துவாளாம். அவரு ஏதாவது சொல்ல வந்தாலும் நாளைக்கின்னு நிப்பாட்டிருவாளாம். போன மாசம் அவரு கேட்டாராம், ஓன் மனசு மாறிருச்சான்னு. அஞ்சு மாசமா ஒங்களாலதான் இதுன்னு சொல்றா.”

ஷெரோமி ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சர்மிளாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் தணிந்தது.

ஏழு மணியானது. வீரம்மா வாசல் வரை வந்து, வாயைத் திறந்து, பிறகு சும்மா நின்றார். எல்லா வீட்டிலும் றவுட்டரின் பச்சை விளக்குகள் எரிந்தபடி இருந்தன. யாரோ பாட்டுக் கேட்டார்கள், ஒரு பையன் உரக்கப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். நாலாவது வீட்டில் போன் ஒளிர்ந்தது.

நாங்கள் வேனில் ஏறும்போது அந்தக் கதவு வழியாகத் தெரிந்தது. சர்மிளா அரிசி டின்னுக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டு இரண்டு கையாலும் வெட்டி வெட்டிப் பேசினாள். ஒரு தடவை நெற்றியில் அடித்துக்கொண்டாள். விரலை நீட்டித் திரையை மிரட்டினாள். மணிக்கூட்டின் பக்கம் திரும்பவேயில்லை. ஷெரோமி பயந்துபோய், வழியனுப்ப வந்த வீரம்மாவின் கையைப் பிடித்தாள்.

“திரும்பவும் லைன் பிழையாம்மா? ஏன் இப்படிக் கோவமா இருக்காங்க?”

வீரம்மா சிரித்தார்.

“லைன் நல்லாத்தாங்க இருக்கு. புருசன்கிட்ட சண்ட போடுறா. இத்தன நாளா அதுக்கு எங்க அவளுக்கு நேரம் கெடச்சிச்சு?”