கடைசி வரியை வெட்டும் டீச்சர்

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நாலு தட்டு தட்டுகிறார் ஆனந்தமேரி டீச்சர். விரித்த செய்தித்தாளில் முறுக்குத் தூள் கொட்டுகிறது. கீபோர்டு இருந்த இடத்தில், நேற்று விழுங்கியிருக்க வேண்டிய இரத்தக் கொதிப்பு மாத்திரை கிடக்கிறது. அதை ஊதி வாயில் போட்டுக்கொள்கிறார். இன்றைய மாத்திரை நாளைக் காலை அதே இடத்தில் அகப்படும்.

பிறகு பழைய பல் பிரஷ்ஷை எடுத்து எழுத்துக் கட்டைகளின் இடுக்குகளைத் தேய்ப்பார். மேட்டுப்பட்டியில் இருபது வருடம் டைப்ரைட்டிங் கற்றுக்கொடுத்தவர். இப்போது அதே அறையில் நான்கு கம்ப்யூட்டர்கள், வாசலில் பிரவுசிங் சென்டர் என்று பலகை. நான்கில் சுவரோரம் இருப்பது டீச்சருடையது. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. டீச்சர் உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். கணுக்கால் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். எழுந்து பத்து நிமிடம் நடந்தால் வடிந்துவிடும். சொல்லிப் பார்த்தாயிற்று. "செத்த இரு, இந்த ஒரு மெயில்" என்பார்.

அந்த மெயில் 'மலைக்கோட்டை மடல்' என்ற மின்னஞ்சல் குழுவுக்கு வந்தது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் திண்டுக்கல்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். ஆனால் டீச்சர் படித்து அனுமதித்த பிறகுதான் போகும். அவர் படிப்பதோடு நிற்பதில்லை. போன வருடம் குவைத்திலிருந்து ஒருவர், "அப்பாவுக்கு நெஞ்சு வலி, பக்கத்தில் இருப்பவர்கள் உடனே போய் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். டீச்சர் அதைப் 'போய்ப் பாருங்கள்' என்று திருத்திவிட்டுத்தான் அனுப்பினார். நல்லவேளை, அது வாய்வுப் பிடிப்பு.

குழுவுக்கு விதிகள் ஏழு. மற்ற ஆறையும் மீற யாருக்கும் தோன்றியதில்லை. சண்டையெல்லாம் மூன்றாவது விதியில்தான்: விளம்பரம் கூடாது. இந்த ஊரில் ஆள் பெயரும் கடைப் பெயரும் ஒட்டிப் பிறந்தவை. கடிதம் எழுதினால் பெயரைப் போட்டு, அடுத்த வரியில் கடையையும் போட்டால்தான் கை ஓயும். டீச்சருக்கு அந்த அடுத்த வரி விளம்பரம். வெட்டிவிடுவார். செபஸ்தியார் திருவிழா அழைப்பிதழில் 'அன்னதானம் உபயம்' என்று ஒரு அரிசி மண்டியின் பெயர் இருந்தது. உபயம் விளம்பரமா, காணிக்கையா என்று மூன்று நாள் யோசித்தார். மண்டியை வெட்டிவிட்டு உபயத்தை விட்டுவைத்தார். அதைப் படித்தவர்கள் உபயம் என்று ஓர் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸ்டீபன்ராஜ் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"டீச்சர், வெறும் ஸ்டீபன்ராஜ்னு மொட்டையாப் போட்டா எவனுக்குத் தெரியும்? எங்க வீட்டு நாயையே ஸ்டூடியோ நாய்னுதேன் சொல்றாங்க."

"நாய் குரூப்புல சேரட்டும் அப்பு, அப்பப் பாக்கலாம்."

"வெளயாடாதீங்க டீச்சர். அம்புட்டுப் பேரும் கடுப்புல இருக்காக. இப்படியே வெட்டிக்கிட்டு இருந்தீகன்னா நாங்க தனி குரூப் ஆரம்பிச்சுப் போயிருவோம்."

"போ. ஆனா, ஸ்டூடியோவுக்கு 'ஸ்டு'ன்னு குறில் போடுற. அதை மொதல்ல திருத்திக்க."

அவர் போன பிறகு டீச்சர் அரைமணி நேரம் ஒரு மெயிலையும் திறக்கவில்லை. நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடிந்து நேராக வந்து திறந்த குழு அது. ஆள்கள் போய்விட்டால் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து யாருக்கு ஒற்றுப் போடுவது? ஆனாலும் விதியைத் தளர்த்த மனம் வரவில்லை. ஒரு கடையை விட்டால் மறுநாள் தள்ளுபடி நோட்டீஸ் வரும் என்பது அவர் வாதம். அதில் நியாயமும் இருந்தது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேகம்பூரிலிருந்து மடல் வந்தது. "என் அத்தா இன்று காலை மவுத்தாகி விட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். நண்பர்கள் வரவும்." கீழே முகமது பாரூக் என்ற பெயர். அதற்கும் கீழே கடையின் பெயர். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். 'மவுத்தாகி விட்டார்' என்று பிரிந்திருந்ததைச் சேர்த்தார். கடைசி வரியை வெட்டினார். அனுப்பினார். எல்லாம் வழக்கம்போல.

குழுவில் இரண்டு முகமது பாரூக்குகள். இருவரும் பேகம்பூர். ஒருவருக்குப் பாத்திரக் கடை, இன்னொருவருக்கு வாட்ச் கடை. மடல் எழுதியவர் பாத்திரக் கடைக்காரர். ஆனால் குழுவில் பலருக்கும் தெரிந்த பாரூக் வாட்ச் கடைக்காரர்தான்; கூட்டம் போனது அங்கே.

வாட்ச் கடையில் மகனுக்குப் பதிலாக அன்று அவருடைய அத்தா அப்பாஸ் உட்கார்ந்திருந்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மடலைப் படித்துவிட்டுத் தொப்பம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த குழு உறுப்பினர் பொம்மையன், கையில் பெரிய ரோஜா மாலையோடு வாசலில் நின்றார்.

"ஏனுங்க, பாரூக்கோட அப்பாவை எங்கீங்க வெச்சிருக்காங்க?"

"இங்கதேன் வச்சிருக்கு. என்ன வேணும்?"

பொம்மையன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது மறைகிற அளவு மாலை இல்லை.

இருட்டுகிற நேரத்தில் டீச்சருக்கு அப்பாஸே போன் செய்தார். "என்னம்மா டீச்சர், நான் மவுத்தாயிட்டேன்னு எனக்கே துக்கம் விசாரிக்கிறாங்க. மஸ்கட்டுலருந்து ஒருத்தன் எங்கிட்டயே, 'அத்தா கடைசியா என்ன சொன்னாரு'ன்னு கேக்குறான். 'போனை வையிடா'ன்னு சொன்னாருன்னேன்." அவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடக்கம் முடிந்திருந்தது.

வீங்கிய கால்களைச் செருப்பில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் பேகம்பூர் போனார். பாத்திரக் கடை பாரூக்கின் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாரூக் எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். நீங்களாவது வந்தீங்களே. நம்ம குரூப்புலருந்து ஒருத்தரும் வரலை. தூக்க ஆள் இல்லாமப் போகலை, ஜமாத்து இருந்துச்சு. ஆனா நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"அவுக வந்தாக தம்பி. வாட்ச் கடைக்குப் போயிட்டாக. நாந்தான் வெட்டிட்டேன்."

"எதை டீச்சர்?"

"உங்க கடையை."

 பாரூக் கோபமில்லாமல்தான் சொன்னார்: "எனக்குப் பேர் வச்ச அன்னைக்கு அத்தா வச்ச கடை, டீச்சர். அதுக்கும் அதே பேரைத்தேன் வச்சாரு."

டீச்சர் தலையை ஆட்டினார். "காலையிலருந்து எதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், உள்ளே போய் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

மறுநாள் காலை பல் பிரஷ் மேசையில் தொடப்படாமல் கிடந்தது. டீச்சர் பாரூக்கின் மூல மடலைத் தேடி எடுத்தார். மேலே ஒரு வரி சேர்த்தார்: "நேற்று நான் இந்த மடலின் கடைசி வரியை வெட்டிவிட்டேன். முழு மடல் இது." பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். 'பாரூக் பாத்திர கடை, பேகம்பூர்' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் பழக்கத்தில் அழிக்கும் கட்டைமேல் போய் நின்றது. அங்கிருந்து எடுத்தார். பாத்திரத்துக்கும் கடைக்கும் நடுவே விட்டுப்போயிருந்த 'க்' ஒன்றைப் போட்டு, அனுப்பினார்.