தோல் உரிக்கும் நேரத்துச் சுண்ணாம்பு

மாரண்டஹள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குள் மாதவராஜுக்கு ஒரு பெயர் உண்டு. அவர் ஷெட்டில் நோய் விழுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் கோகிலவாணி ஹாஸ்டலுக்கு மாறியபோது, ஆசையாக வளர்த்த பல்லியைக் கண்ணாடித் தொட்டியோடு அப்பாவிடம் விட்டுப் போனாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லி. தொட்டியின் ஒரு பக்கம் சூட்டுக்கு பல்பு, மறுபக்கம் ஒளிந்துகொள்ள ஈரத்துணி போட்ட டப்பா. “தோல் உரிக்கறப்ப இந்தத் துணி காயவே கூடாதுப்பா” என்று மூன்று முறை சொன்னாள். அவரும் மூன்று முறை தலையாட்டினார்.

ஒரு வியாழக்கிழமை பல்லி வெளுத்துப்போய், தீனி எடுக்காமல் கிடந்தது. தோல் உரிக்கப்போகும் பட்டுப்புழுவும் இப்படித்தான் கிடக்கும். அப்போது புழுத் தட்டில் ஈரம் இருந்தால் போச்சு. சுண்ணாம்புத்தூள் தூவிக் காயவைக்க வேண்டும். இருபது வருஷமாகப் பார்க்கிறவருக்கு நேற்றுப் பிறந்த பெண்ணா பாடம் நடத்துவது? துணியை எடுத்து வெளியே போட்டார். சுண்ணாம்பைச் சலித்துத் தொட்டி முழுக்கத் தூவினார்.

“வாணி ஈரம் இருக்கணும்னு சொல்லுச்சுங்களே” என்றாள் மனைவி கோவிந்தம்மாள்.

“உனக்கு என்ன தெரியும், போ.”

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பார்த்தபோது பல்லியின் இடது கண் வெந்து வெளுத்திருந்தது. உரியாத தோல் விரல்களை இறுக்கியிருந்தது.

“யாருப்பா இதுல சுண்ணாம்பு போட்டது?”

“உங்கம்மாதான். தெரியாம போட்டுட்டா” என்றார் மாதவராஜ். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது.

மல்பெரித் தழை நறுக்கிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மகளிடம், “ஆமாங் கண்ணு, நாந்தான்” என்றாள். மகள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். கோவிந்தம்மாள் குனிந்து தழையை நறுக்கினாள். மாதவராஜ் தொட்டியில் கிடந்த சுண்ணாம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

டாக்டரிடம் காட்டியும் அந்தக் கண் தேறவில்லை. பஸ் ஏறும்போது மகள், கோவிந்தம்மாள் காதுபடவே, “இனிமே நீங்க மட்டும் பாத்துக்குங்கப்பா. அம்மாவ கிட்டயே விடாதீங்க” என்றாள். “சரிம்மா” என்றார்.

இப்போது துணி ஒருநாளும் காய்வதில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று வாரம் தவறாமல் போனை எடுக்கிறார். பல்லி நன்றாகச் சாப்பிடுகிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். கோவிந்தம்மாள் வீடு கூட்டிக்கொண்டே வந்து தொட்டி இருக்கும் அறை வாசலில் நின்றுகொள்கிறாள்.

“உள்ள நீங்களே கூட்டிக்குங்க” என்று விளக்குமாற்றை நீட்டுகிறாள். அவர் வாங்கிக் கூட்டுகிறார்.