அழிக்க மறந்த கட்டளை

பாலையூற்றில் என் வீட்டுக் கூடத்திலேயே சிறுவர் வகுப்பு நடத்தினேன். சண்டையால் பிள்ளைகள் இடம்பெயர்ந்த பிறகு, லண்டனிலிருந்து அக்கா வகுப்புக்கென்று அனுப்பிய, பொத்தானில் அழுத்தும் கட்டளைகளை நினைவில் வைத்துத் தரையில் ஓடும் சிறிய ரோபோவை நான் தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, அது என் காலடிக்கு வரட்டும் என்று முன்செல்லும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி ஓடவிட்டேன். முந்திய கட்டளைகளை அழிக்க மறந்ததால், அவற்றையும் சேர்த்து ஓடி வாசலுக்கே போய்விட்டது. அங்கே வீடு சோதிக்க வந்து நின்ற சிப்பாய் துவக்கை அதன்மேல் நீட்டினார்.

“சுடாதேங்கோ, பிள்ளையள் படிக்கிற சாமான்” என்று கைகளை உயர்த்தினேன்.

“பிள்ளை எங்க?” என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார்.

“இப்ப ஒருத்தரும் வாறேல்லை.”

வெறும் பாய்களைப் பார்த்துவிட்டுத் துவக்கைத் தாழ்த்தினார்.

இப்போதெல்லாம் பழைய கட்டளைகளை அழித்து, கதவையும் சாத்திய பிறகே அதை ஓட்டுகிறேன். பிள்ளைகள் யாராவது தட்டினால் கேட்கவேண்டுமென்று கதவுக்குப் பக்கத்திலேயே இருந்துகொள்கிறேன்.